மாதேரானில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குக் கூட்டிப் போகலாமா?

செம்பூர்க்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்கிறார்கள். வெளியாள் யாராவது நிதானமாகச் சொன்னால் தேவலை.

பையனுக்கு இப்போது ஒன்பதாவது மாதம். கிறிஸ்துமஸ் லீவுக்கு மாமியார், நாத்தனார் குடும்பம், நாங்கள் என்று ஒரு பட்டாளமாக, மும்பைப் பக்கத்து மலை ஊரான மாதேரான் போனோம். குர்லாவில் கர்ஜத் லோக்கல், நேரலில் இறங்கி டாக்ஸி. தஸ்தூரி நாக்காவோடு வண்டி நின்றுவிடும், அதற்கு மேல் அமன் லாட்ஜிலிருந்து குட்டி ரயில். மும்பைக்காரர்களுக்குத் தெரியும், அங்கே கார், பைக் எதற்கும் அனுமதி கிடையாது. போகும்போது அதுதான் சுகமாக இருந்தது. செம்மண், மரம், குதிரை. பையன் குதிரை தும்மினால்கூடச் சிரித்தான்.

மறுநாள் சாயங்காலம் வாந்தி எடுத்தான். ராத்திரி தண்ணியாகப் போக ஆரம்பித்துவிட்டது, கூடவே காய்ச்சல் 101. வண்டி இல்லாத ஊர் என்ன என்பது அப்போதுதான் புரிந்தது. மருந்துக் கடையில் ஓஆர்எஸ் (பேதிக்குக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைக் கரைசல்) கேட்டால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு அட்டைப் பெட்டிப் பானத்தைக் கொடுத்தார்கள். முன்பக்கம் ஓஆர்எஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது. நாத்தனார் புட்டியில் ஊற்றப் போனாள். முன்பொருமுறை எங்கள் குழந்தை டாக்டர் "பவுடர்தான், பானம் இல்லை" என்று சொன்னது ஞாபகம் வந்ததால் நான் விடவில்லை. பையில் பவுடர் பாக்கெட் இருந்தது. ஆனால் கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது. விடுதிப் பையன் டார்ச்சோடு முன்னால் நடக்க, ஊரில் இருக்கும் நகராட்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கிருந்த சிஸ்டர் மராத்தியில் என்னை அதட்டி உட்கார வைத்து, டீஸ்பூனால் ஒரு வாய், கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய் என்று காட்டிக் கொடுத்தார். விடியும்போது பையன் அதைத் தங்க வைத்துக்கொண்டான். காலையில் இறங்கிவிட்டோம்.

செம்பூர் வந்ததும் டாக்டர் பார்த்து, வைரஸ்தான் என்றார். ஓஆர்எஸ், ஜிங்க் (துத்தநாக) மருந்து, தாய்ப்பால். இப்போது நன்றாக இருக்கிறான், மெலிந்த உடம்பும் தேறி வருகிறது.

சண்டை இப்போதுதான். மாமியார், "பல் முளைக்கிற பேதி, இதுக்கு ஏன் ஆர்ப்பாட்டம்" என்கிறார். நாத்தனாருக்கு மாதேரான் தண்ணீர் மேல் சந்தேகம். அம்பாசமுத்திரத்திலிருந்து என் அம்மா போனில், "தொக்கம் இருக்கும், குடலும் ஏறியிருக்கும், ஊருக்கு வந்ததும் ஆள் வைத்து எடுத்துவிடலாம்" என்கிறாள். தின்றது ஏதோ உள்ளே சிக்கியிருக்கிறது, குடல் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். என் கணவர் எதுவுமே சொல்வதில்லை, அது தனிக் கதை.

விஷயம் இதுதான். பங்குனி உத்திரத்துக்கு ஊரில் சாஸ்தா கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்திருக்கிறோம். ஏப்ரல் முதல் வாரம் வருகிறது, அப்போது அவனுக்குப் பதினோரு மாதம் முடிந்திருக்கும். நாகர்கோவில் ரயிலில் ஒன்றரை நாள். கோயில் ஊருக்கு வெளியே பொட்டலில் இருக்கிறது, லாரித் தண்ணீர், வெயில், நூறு சொந்தக்காரர்கள், ஆளாளுக்கு வாயில் எதையாவது வைப்பார்கள். போகலாமா? தள்ளிப் போட்டால் அடுத்த வருடம்தான். ஒரு வயதுக்குள் முடிக்க வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாக இருக்கிறார்.

ஐரோலி அப்பா:

போகாதீர்கள். சாஸ்தா அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பார். மொட்டை மூன்று வயதில் போட்டால் ஆகாதா? என் பெண்ணுக்கு மூன்றில்தான் போட்டோம்.

சயான் அக்கா:

நான் இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சிப் பக்கம், அதனால் உங்கள் சாஸ்தா கோயில் கூட்டம் எனக்கும் தெரியும். போகலாம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் மாதேரான் தண்ணீரை விட்டுவிடுங்கள். இந்த வைரஸ்கள் உள்ளே போய் வேலையைக் காட்ட அரை நாளிலிருந்து மூன்று நாள் வரை எடுக்கும். நீங்கள் கிளம்பிய மறுநாள் சாயங்காலம் வாந்தி என்றால், அது மலையில் வந்ததாகவும் இருக்கலாம், கர்ஜத் லோக்கலின் கம்பியைப் பிடித்துவிட்டு விரலைச் சப்பியதாகவும் இருக்கலாம், செம்பூரிலேயே ஒட்டியதாகவும் இருக்கலாம். நாத்தனார் பிள்ளைகள் யாருக்காவது அந்த வாரம் வயிறு சரியில்லாமல் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து போட்டிருந்தாலும் வயிற்றுப்போக்கு வரலாம். அந்த மருந்து கடுமையாக ஆகாமல் காக்கும், மற்ற வைரஸ்களை அது தடுக்காது. 2016-இல் தொடங்கி மாநிலம் மாநிலமாக அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்வதற்கு முன்னால் எங்கள் வார்டு குளிர்காலத்தில் எப்படி நிரம்பும் என்று பார்த்தவள் நான்.

பல் விஷயத்தில் உங்கள் மாமியாரைச் சும்மா சொல்லக் கூடாது. அவர் பார்த்தது பொய் இல்லை. பல் வருகிற அதே மாதங்களில்தான் பிள்ளை தவழும், தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடும், தாயிடமிருந்து வயிற்றிலேயே வாங்கி வந்த எதிர்ப்புச் சக்தியும் குறையும். பேதியும் அப்போதே வரும். இரண்டும் சேர்ந்து வருவதால் பல்லின் மேல் பழி. ஆனால் 101 காய்ச்சலும் தண்ணீர்ப் பேதியும் வந்தால் பல் என்று சொல்லி உட்கார்ந்திருக்கக் கூடாது.

தொக்கம் எடுப்பது, குடல் தட்டுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். அம்மாவிடம் கோபப்படாமல், உறுதியாகச் சொல்லுங்கள். தொக்கம் எடுக்கிறவர் குழல் வைத்து ஊதி, உறிஞ்சி, தொண்டையில் விரலை விட்டு எதையோ எடுத்துக் காட்டுவார். எட்டு மாதப் பிள்ளைக்கு மூச்சுக்குழலில் ஏதாவது அடைத்தால் என்ன செய்வீர்கள்? குடல் விஷயம் அதைவிட மோசம். ஐந்திலிருந்து ஒன்பது மாதப் பிள்ளைகளுக்கு அபூர்வமாக, குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும். விட்டுவிட்டு வீறிட்டு அழும், காலை வயிற்றோடு மடக்கும், நடுவில் துவண்டு கிடக்கும், பச்சையாக வாந்தி எடுக்கும், பிறகு ரத்தமும் சளியுமாக வெளிக்குப் போகும். அதற்கு உடனே ஸ்கேன் பார்க்கிற ஆஸ்பத்திரி வேண்டும். அந்த நேரத்தில் தலைகீழாகத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தால் போன நேரம் திரும்பி வராது.

இப்போது ஓஆர்எஸ். அந்த அட்டைப் பெட்டியை நீங்கள் தடுத்தது ரொம்ப நல்லது. சர்க்கரை அதிகமான பானம் குடலுக்குள் தண்ணீரை இழுத்து பேதியைக் கூட்டும். ஹைதராபாத்தில் ஒரு குழந்தை டாக்டர் வருடக்கணக்கில் இதற்காகப் போராடினார். 2025 அக்டோபரில் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, எந்தப் பானத்தின் பெயரிலும் ஓஆர்எஸ் என்ற எழுத்துகளைச் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. இருந்தாலும் பழைய சரக்கு எந்தக் கடையில் எந்த மூலையில் இருக்கும் என்று யார் கண்டது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். டபிள்யூஎச்ஓ (உலக சுகாதார நிறுவனம்) கலவை என்று இருக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு குளுகோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். இதுதான் பெரிய பாக்கெட். நாலு கிராம் சொச்சம் இருக்கிற குட்டி பாக்கெட் 200 மில்லிக்கு.

வார்டில் நான் அதிகம் பார்த்த சிக்கல் இங்கேதான். பெரிய பாக்கெட்டில் பாதியை ஒரு பால்புட்டித் தண்ணீரில் கொட்டிக் கலக்குவார்கள். உப்பு ஏறி, பேதியைவிட ஆபத்தாகிவிடும். லிட்டர் என்றால் லிட்டர்தான், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கலக்கியதை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள். அதில் தேன், எலுமிச்சை, கூடுதல் சர்க்கரை எதுவும் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு தடவை தண்ணியாகப் போன பிறகும் இந்த வயசுக்கு 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, அந்த மாதேரான் சிஸ்டர் காட்டினாரே, அதே மாதிரி ஸ்பூனால் மெதுவாக. அவருக்கு என் கும்பிடு. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், கஞ்சியோ தயிர்சாதமோ கேட்டால் கொடுங்கள். பட்டினி போடுவது பழைய காலத்து வைத்தியம். ஜிங்க், ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்றதும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது, அடுத்த சில மாதங்களுக்கு மறுபடி வராமல் இருக்கத்தான் அந்தப் பாக்கி நாட்கள்.

இந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரை யாரும் லேசாக நினைக்காதீர்கள். 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மேற்கு வங்காளத்தின் பன்காவ் ஊரில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோய் இதைத்தான் டிரம் டிரம்மாகக் கலக்கிக் கொடுத்தார். 30 சதவீதம் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த முதல் கதை அது.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, அழுதால் கண்ணீர் இல்லை, எழுப்பினாலும் மந்தமாகக் கிடக்கிறான், வெளிக்குப் போவதில் ரத்தம், ஸ்பூனால் கொடுத்ததும் தங்கவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் போதும். டயப்பரில் பேதியோடு சிறுநீர் போனதா என்று தெரியாது. அதனால் அந்த நேரத்தில் டயப்பரைக் கழற்றிவிட்டுப் பழைய வேட்டித் துணியைக் கட்டுங்கள். துவைக்கிற வேலை யாருக்கு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதற்குத்தான் பேசாமல் இருக்கிற கணவர் இருக்கிறாரே. பெரியவர்கள் போடுகிற பேதி நிறுத்தும் மாத்திரையை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள்.

ஐரோலி அப்பாவுக்கு: ஒரு வயதுக் குழந்தை செம்பூரில் இருந்தாலும் பேதி வரும். வீட்டுக்குள் பூட்டி வைப்பதால் மட்டும் தப்பிக்க முடியாது.

கல்யாண் ரயில்:

அக்கா எல்லாம் சொல்லிவிட்டார், நான் ரயில் மட்டும் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளை அந்த நாகர்கோவில் வண்டியில் கூட்டிப் போய் வளர்த்தவன்.

மார்ச் கடைசியில் சோலாப்பூர்ப் பக்கம் வெயில் கொளுத்தும். ஸ்லீப்பர் வேண்டாம், மூன்றடுக்கு ஏசி போடுங்கள், ஒரு லோயர் பெர்த்தாவது கிடைக்கிற மாதிரி இப்போதே புக் பண்ணுங்கள். கூட்டம் அப்படி. கொதித்து ஆறிய தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், ஒரு தெர்மாஸில் வெந்நீர் தனியாக. பாண்ட்ரிக்காரரின் வெந்நீரை நம்பி கஞ்சிப் பவுடர் கரைக்காதீர்கள், அது பாதி நேரம் வெதுவெதுப்புதான். பால்புட்டி எடுத்துப் போனால் கழுவுவதே பெரும் பாடு. கிண்ணமும் ஸ்பூனும் போதும், கழுவி வெந்நீர் ஊற்றிவிடலாம். தட்டு வைக்கிற மடக்கு மேஜை, ஜன்னல் விளிம்பு எல்லாவற்றையும் ஏறியவுடன் துடையுங்கள். அவன் எப்படியும் அதை நக்கத்தான் போகிறான்.

வழியில் உடம்புக்கு முடியவில்லை என்றால் 139-க்குப் போன் செய்யுங்கள், டிக்கெட் பரிசோதகரிடமும் சொல்லுங்கள். வரும் பெரிய ஸ்டேஷனில் ரயில்வே டாக்டர் வந்து பார்ப்பார். ரொம்பச் சரியில்லை என்றால் புனே, சோலாப்பூர், மதுரை மாதிரி ஊரில் இறங்கிவிடுங்கள். டிக்கெட் போனால் போகட்டும். கையில் காசு இருந்தால் திருவனந்தபுரத்துக்கு விமானம், அங்கிருந்து நாகர்கோவில் வழியாகக் காரில் திருநெல்வேலி. நாங்கள் ரயில் கட்சி.

முலுண்டு மாமியார்:

நான் மாமியார் கட்சி, கோபித்துக்கொள்ளாதே அம்மா. என் மருமகள் டாக்டர் சொன்னார், டாக்டர் சொன்னார் என்று சொல்லும்போது எனக்கும் எரிச்சல் வரும். ஒருநாள் ஓஆர்எஸ் ஸ்பூனை என் கையில் கொடுத்து, "நீங்கள்தான் பொறுமையாகக் கொடுப்பீர்கள், எனக்கு வராது" என்றாள். ராத்திரி முழுவதும் நான்தான் கொடுத்தேன். அதற்கப்புறம் யாராவது பிள்ளை வாயில் முறுக்கைத் திணிக்க வந்தால் நானே தடுப்பேன். கோயிலில் நூறு பேரை உன்னால் சமாளிக்க முடியாது. உன் மாமியாரால் முடியும். அந்த வேலையை அவரிடம் கொடு. மருமகள் "வேண்டாம்" என்றால் திமிர், மாமியார் "வேண்டாம்" என்றால் அனுபவம். ஊர் அப்படித்தான், என்ன செய்ய.

ஒரு விஷயம் அந்த அக்கா சொல்லவில்லை. ஒரு வயது முடிகிற வரை தேன் ஆகாது. கோயிலில் பஞ்சாமிர்தத்தை நாக்கில் தடவுவார்கள், அதில் தேன் இருக்கும். தீர்த்தத்தை நெற்றியில் தெளித்தால் போதும், குடிக்க வேண்டாம். சாமி ஒன்றும் நினைக்காது.

சயான் அக்கா:

முலுண்டு அம்மா சொன்னது ரொம்பச் சரி. தேனில் சில சமயம் ஒரு கிருமியின் வித்து இருக்கும். அது ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, உடம்பைத் தளர்த்திவிடும். அபூர்வம்தான், ஆனாலும் அவசியமில்லாத அபூர்வம்.

கிளம்புவதற்கு முன் இன்னொன்று. ஒன்பது மாதம் முடிந்ததும் போடுகிற தட்டம்மை ஊசியை இந்த மாதமே போட்டுவிடுங்கள். கோயில் கூட்டத்துக்கு அதுதான் பெரிய கவசம். ஃப்ளூ ஊசியும் ஆறு மாதத்துக்கு மேல் போடலாம், டாக்டரிடம் கேளுங்கள். மொட்டைக்குப் புது பிளேடு பிரிப்பதைக் கண்ணால் பாருங்கள். காது குத்துகிற ஆசாரியிடமும் கம்பியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தாய்மாமன் மடியில் உட்காருவதால் பிடித்துக்கொள்வது மாமன் பொறுப்பு. வெயில் ஏறுவதற்குள், காலை ஏழு எட்டு மணிக்குள் இரண்டையும் முடித்துவிட்டு, பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பொங்கலும் படையலும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

செம்பூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. நாத்தனாரிடம் கேட்டேன். அவள் சின்னவனுக்கு மாதேரான் போவதற்கு முந்தின நாளே வயிறு சரியில்லையாம், "லேசாகத்தான் இருந்தது, அதனால் சொல்லவில்லை" என்கிறாள். ஆகத் தண்ணீர்க் கட்சி தோற்றது. தட்டம்மை ஊசிக்கு அடுத்த வாரம் நேரம் வாங்கிவிட்டோம். ஏசி டிக்கெட்டைக் கணவர் புக் பண்ணினார், வாயைத் திறக்காமலே.

அக்கா, ஒரே ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் பாரசிட்டமால் சொட்டு மருந்து இருக்கிறது, ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. ஊரில் அத்தை வீட்டில் சிரப், 5 மில்லியில் 250. பையன் இப்போது எட்டு கிலோ. அங்கே போய் எதை எவ்வளவு?

சயான் அக்கா:

இதைக் கேட்டீர்களே, நல்ல வேளை. பாரசிட்டமால் எடைக் கணக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். எட்டு கிலோவுக்கு 80 முதல் 120. உங்கள் சொட்டு மருந்தில் அது ஏறக்குறைய 1 மில்லி, அத்தை வீட்டு சிரப்பில் 2 மில்லி. 5 மில்லியில் 120 இருக்கிற சிரப்பும் உண்டு, அதில் 4 மில்லி வரும். சிரப் என்று நினைத்து யாராவது சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும். அதனால் ஊரில் இருப்பதைத் தொடவே வேண்டாம், உங்கள் பாட்டிலையும் அதோடு வந்த அளவுக் குழலையும் எடுத்துப் போங்கள். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் குறைந்தது நாலிலிருந்து ஆறு மணி நேரம், ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம். கொடுத்த நேரத்தைக் கொடுத்தவர் எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை என்று ஆகிவிடும். ஏப்ரலில் எடை கூடியிருக்கும். ஊசி போடப் போகும்போது டாக்டரிடம் சொல்லி வையுங்கள், கிளம்புகிற வாரம் மறுபடி நிறுத்துப் பார்த்து, மில்லிக் கணக்கை அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.